பள்ளத்தில் குடிவைக்கப்பட்டவர்கள்: வெள்ள அபாயத்தின் சாதி வரலாறு



மறைந்தவரின் பெருமைகளைப் பேசிக் கலைந்துபோவது இந்த நினைவுச் சொற்பொழிவின் வழக்கமல்ல. அவர் விட்டுச்சென்ற கேள்விகளில் ஒன்றை எடுத்து இன்னும் கொஞ்ச தூரம் நகர்த்திப் பார்ப்போம். நம் தோழர் எந்தக் கிராமத்துக்குப் போனாலும் முதலில் இரண்டு கேள்விகள் கேட்பார். சேரி எங்கே இருக்கிறது? ஏன் அங்கே இருக்கிறது? அந்த இரண்டாவது கேள்வியை இன்று ஆற்றங்கரையில் நின்று கேட்கலாம் என்று நினைக்கிறேன்.

ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் "வெள்ளத்துக்குச் சாதி தெரியாது" என்று யாராவது சொல்கிறார்கள். 2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது இதைக் கேட்காத நாளில்லை. பங்களாவும் குடிசையும் ஒன்றாக மிதந்தன, மழை எல்லோரையும் சமமாக்கிவிட்டது என்று எழுதினார்கள். தண்ணீருக்குச் சாதி தெரியாது என்பது உண்மைதான். அது பள்ளத்தைத்தான் தேடும். ஆனால் பள்ளத்தில் யாரைக் குடிவைப்பது என்று முடிவு செய்தவர்களுக்குச் சாதி நன்றாகத் தெரிந்திருந்தது. இன்றைய பேச்சு அந்த முடிவுகளின் வரலாற்றைப் பற்றியது.

அபாயத்தை அளப்பவர்கள்

வெள்ள அபாய மதிப்பீடு இன்று ஒரு தனித்துறையாக வளர்ந்திருக்கிறது. ஆற்றின் நீரோட்ட அளவு, பல ஆண்டு மழைப்பதிவு, நிலத்தின் உயரம் ஆகியவற்றைக் கணினியில் சேர்த்து, எத்தனை அடி வெள்ளம் வந்தால் எந்தத் தெரு மூழ்கும் என்று வரைபடம் போடுகிறார்கள். தேவையான வேலைதான். அதை நாம் மறுக்கவேண்டியதில்லை.

ஆனால் இந்தத் துறைக்குள்ளேயே ஒரு பழைய விவாதம் உண்டு. அமெரிக்கப் புவியியலாளர் கில்பர்ட் ஒயிட் 1940களிலேயே ஒன்றைச் சொன்னார்: வெள்ளம் இயற்கையின் செயல், வெள்ளத்தால் வரும் இழப்பு பெரும்பாலும் மனிதரின் செயல். 1976இல் ஓகீஃப், வெஸ்ட்கேட், விஸ்னர் என்னும் மூன்று ஆய்வாளர்கள் 'இயற்கைப் பேரிடர்' என்னும் சொல்லிலிருந்து 'இயற்கை'யை நீக்கவேண்டும் என்று வாதிட்டார்கள். 1994இல் பிளெய்கி, கேனன், டேவிஸ், விஸ்னர் நால்வரும் எழுதிய நூல் இதை மேலும் தெளிவாக்கியது. பேரிடர் என்பது இரண்டு பக்க நெருக்கடி. ஒரு பக்கம் வெள்ளமோ புயலோ வருகிறது. மறுபக்கம் ஒரு மக்கள்கூட்டத்தைத் தாங்கும் சக்தியற்றவர்களாக ஆக்கிவைத்த நீண்ட சமூக வரலாறு இருக்கிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் ஆட்கள் சாகிறார்கள்.

அரசின் வரைபடங்கள் முதல் பக்கத்தை நுட்பமாக அளக்கின்றன. இரண்டாவது பக்கத்துக்கு வரும்போது 'ஏழைகள்', 'நலிந்த பிரிவினர்', 'ஆக்கிரமிப்பாளர்கள்' என்ற மூன்று சொற்களோடு நின்றுவிடுகின்றன. நம் மண்ணில் அந்த வரலாற்றின் பெயர் சாதி. அதை எழுதாத மதிப்பீடு பாதி மதிப்பீடு. பாதி மதிப்பீடு என்ன தீங்கு செய்யும் என்பதற்குப் பின்னர் வருகிறேன்.

ஆயிரம் ஆண்டுப் பழமையுள்ள நில வரைபடம்

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளை நாம் சோழர் பெருமைக்கான ஆவணங்களாக மட்டுமே படிக்கப் பழகியிருக்கிறோம். அவற்றை நில ஆவணங்களாகவும் படிக்கவேண்டும். கோயிலுக்குக் கொடுக்கப்பட்ட ஊர்களில் வரி இல்லாத நிலங்களைக் கழிக்கும்போது, முதலாம் ராஜராஜனின் அதிகாரிகள் ஊரின் பகுதிகளை வரிசையாகப் பதிகிறார்கள். ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடறுத்துப் போகும் வாய்க்கால்கள், கம்மாணசேரி, பறைச்சேரி, சில ஊர்களில் தீண்டாச்சேரி, சுடுகாடு. சுடுகாடுகூட வேறு வேறாகப் பதியப்படுகிறது. 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஊர்நத்தம் ஒரு நிலவகை, பறைச்சேரி இன்னொரு நிலவகை.

இதைக் காவிரிப் படுகையின் நில அமைப்போடு சேர்த்துப் பாருங்கள். டெல்டா தட்டையான பூமி. மலை கிடையாது, பாறை கிடையாது. அங்கே மேடு, பள்ளம் என்பது அடிக்கணக்கு. இரண்டடி உயரம் இருந்தால் வீட்டுக்குள் தண்ணீர் வராது. இரண்டடி தாழ்ந்தால் மூன்று நாள் அடுப்பு எரியாது. குளம் வெட்டிய மண்ணைக் கொட்டி நத்தத்தை மேடாக்குகிறார்கள். வாய்க்காலைத் தூர்வாரிக் கரையைக் கட்டுகிறார்கள். குடிமராமத்து என்று நாம் பெருமையோடு பேசும் அந்த ஏற்பாட்டில் மண்வெட்டி பிடித்தவர்களும் கூடை சுமந்தவர்களும் பெருமளவு சேரி ஆட்களே. மேட்டை உயர்த்திய உழைப்பு அவர்களுடையது, மேட்டில் குடியிருக்கும் உரிமை வேறு ஆட்களுடையது.

இன்றைக்கும் டெல்டா கிராமங்களில் நடந்து பாருங்கள். ஊரிலிருந்து வடிகிற தண்ணீர் எந்தப் பக்கம் போகிறதோ, அந்தப் பக்கம் சேரி இருப்பதைப் பல இடங்களில் காணலாம். அருகே வடிகால் வாய்க்கால் ஓடும், அதற்கப்பால் வயல். வயலுக்கு அருகில் ஆள் வேண்டும், ஊருக்கு அருகில் ஆள் கூடாது. இந்த இரண்டு தேவைகளும் சந்திக்கும் இடம்தான் பள்ளம்.

மனை யாருடையது?

பள்ளத்தில் இருப்பவர் ஏன் மேட்டுக்கு நகரவில்லை என்று கேட்கலாம். நகர்வதற்கு மனை வேண்டும். மனை அவருடையதாக இருந்ததில்லை.

செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் அம்மாவட்டப் பறையர் நிலை குறித்து எழுதிய அறிக்கையைப் பஞ்சமி நிலத்துக்காக நாம் பலமுறை பேசியிருக்கிறோம். 1892இல் அரசாணை பிறந்ததற்கும் இன்று நாம் மீட்கப் போராடும் நிலங்களுக்கும் அதுவே அடிப்படை. அந்த அறிக்கையில் நாம் குறைவாகப் பேசிய ஒரு பகுதி உண்டு. அது குடியிருப்பு மனை பற்றியது. சேரி இருந்த நிலத்தையும் மிராசுதார்கள் தமதென்றே உரிமை கொண்டாடினார்கள். கூலி கூட்டிக் கேட்டாலோ, வேறு இடத்தில் வேலைக்குப் போனாலோ, குடிசையைப் பிரித்துக்கொண்டு போ என்று சொல்லும் அதிகாரம் அவர்களிடம் இருந்தது. குடியிருப்பு மனையில் பாதுகாப்பு இல்லாதவருக்கு வேறு எந்த உரிமையும் நிலைக்காது என்பதை ஓர் ஆங்கிலேய ஆட்சியர் அன்றைக்கே கண்டுகொண்டார்.

எப்போது வேண்டுமானாலும் வெளியேற்றப்படலாம் என்ற நிலையில் யார் வீட்டின் அடித்தளத்தை உயர்த்துவார்கள்? யார் செங்கல் சுவர் வைப்பார்கள்? மண்சுவரும் கீற்றுக்கூரையுமாகத்தான் வீடு இருக்கும். மண்சுவர் மழையில் ஊறி, வெள்ளம் வடியும்போது சரியும். அதிகாரிகள் இதை 'வலுவற்ற கட்டுமானம்' என்று படிவத்தில் குறிப்பார்கள். அது கட்டுமானத்தின் வலுவின்மை அல்ல, உரிமையின் வலுவின்மை.

தஞ்சைப் பண்ணையாட்கள் குடியிருந்த மனை அவர்களுக்கே சொந்தம் என்று சொல்ல ஒரு சட்டம் வருவதற்கு 1971 ஆகிவிட்டது. குடியிருப்பு உரிமையாளராக்கும் அந்தச் சட்டத்துக்கு முன் செங்கொடிச் சங்கங்களின் நீண்ட போராட்டம் உண்டு. 1968இல் வெண்மணியில் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்ட 44 உயிர்கள் உண்டு. அந்தச் சட்டம் பெரும் வெற்றி, ஐயமில்லை. ஆனால் அது எங்கே குடியிருந்தார்களோ அந்த இடத்தைத்தான் சொந்தமாக்கியது. பள்ளம் பட்டாவாயிற்று, மேடாகவில்லை.

ஆற்றைத் திருப்புகிறவர்களும் அம்பேத்கரும்

வெள்ளம் எங்கே போகவேண்டும் என்பதும் மனித முடிவுதான். ஆர்தர் காட்டன் 1836 முதல் 1838 வரை முக்கொம்பில் மேலணையைக் கட்டியபிறகு காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் வேலை பிரிக்கப்பட்டது. காவிரி பாசனத்துக்கு, கொள்ளிடம் வெள்ளத்துக்கு. மிகுதி நீரைக் கொள்ளிடத்தில் தள்ளித்தான் தஞ்சை வயல்கள் காக்கப்படுகின்றன. கொள்ளிடத்தின் கடைசிப் பகுதியில் ஊர்ப்பெயர்களே இந்தக் கதையைச் சொல்கின்றன: நாதல்படுகை, முதலைமேடுதிட்டு, திட்டுக்காட்டூர். படுகை, திட்டு என்று முடியும் இந்த ஊர்கள் 2018 ஆகஸ்டில் மூழ்கின. அந்த மாதம் 22ஆம் தேதி முக்கொம்பில் கொள்ளிடத்தின் மதகுகள் ஒன்பது அடித்துச் செல்லப்பட்டன. மதகு உடைந்தது நாடு முழுவதும் செய்தி. திட்டுகளில் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றவர்கள் செய்தியின் கடைசிப் பத்தி.

இந்த இடத்தில் அண்ணலை நினைக்கவேண்டும். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, பாசனமும் மின்சாரமும் அவருடைய பொறுப்பில் இருந்தன. 1943இல் தாமோதர் ஆறு கரையுடைத்து கல்கத்தாவுக்கான சாலையையும் ரயில் பாதையையும் துண்டித்தது. கரையை உயர்த்தினால் போதும் என்பது பழைய பொறியியல் கருத்து. 1945 ஜனவரியில் கல்கத்தா மாநாட்டிலும் அதே ஆண்டு நவம்பரில் கட்டாக்கில் ஒரிசா ஆறுகள் பற்றிய கூட்டத்திலும் அம்பேத்கர் அந்தக் கருத்தை மறுத்தார். வெள்ளநீரை எப்படியாவது கடலுக்கு விரட்டவேண்டிய பகையாகப் பார்ப்பது தவறு, நீர் மக்களின் செல்வம், தேக்கிப் பாசனத்துக்கும் மின்சாரத்துக்கும் போக்குவரத்துக்கும் ஒருசேரப் பயன்படுத்தவேண்டும் என்பது அவர் நிலை. தாமோதர் பள்ளத்தாக்குக் கழகம் 1948இல் உருவானதற்கு அடித்தளம் இதுவே.

அந்த அணைகள் கட்டப்பட்டபோது ஆதிவாசிக் குடும்பங்கள் நிலமிழந்தன என்பதையும் நாம் சேர்த்தே சொல்லவேண்டும். பெரிய அணையே விடை என்று இன்று நாம் பேசப்போவதில்லை. ஆனால் அம்பேத்கரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: வெள்ளத்தைப் பற்றிய பேச்சை அவர் பொறியாளர்களிடம் மட்டும் விட்டுவிடவில்லை. நாமும் விடக்கூடாது.

சென்னை: புறம்போக்கு என்னும் சொல்

கூவம், அடையாறு, பக்கிங்காம் கால்வாய். சென்னையில் சேரி என்றால் இந்த மூன்று கரைகள்தான் பலருக்கு நினைவு வரும். கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி 1877-78இல், தாது வருடப் பஞ்சத்தில், நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. பட்டினியால் ஊரை விட்டு வந்தவர்கள் கூலிக்கு வெட்டிய கால்வாய் அது. ஆலைகளும் துறைமுகமும் ரயில்வேயும் மாநகராட்சித் துப்புரவும் அவர்களை அழைத்துக்கொண்டன, வீடு தரவில்லை. வேலைக்கு நடந்து போகும் தூரத்தில், யாரும் விரட்டாத நிலம் ஆற்றங்கரை மட்டுமே. வருவாய்த்துறை மொழியில் அது புறம்போக்கு. அதிலும் நீர்நிலை என்றால் 'ஆட்சேபணைக்குரிய புறம்போக்கு'. தலைமுறை தலைமுறையாக இருந்தாலும் அங்கே பட்டா கிடையாது.

1970இல் குடிசை மாற்று வாரியமும், 1971இல் குடிசைப் பகுதிகள் சட்டமும் வந்தன. இருந்த இடத்திலேயே மேம்படுத்துவது என்பதும் அச்சட்டத்தின் நோக்கங்களில் ஒன்று. 1971இல் 1,202 குடிசைப் பகுதிகள் அறிவிக்கப்பட்டன, 1985இல் மேலும் 17. அறிவிக்கப்படாத பகுதிக்கு அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு இல்லை. 2000 முதல் பாதை மாறியது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்துக்கு வெளியே அடுக்குமாடிகள் எழுந்தன. கண்ணகி நகரில் மட்டும் 15,000க்கும் மேற்பட்ட குடியிருப்புகள்.

2015 டிசம்பர் 1ஆம் தேதி தொடங்கி 24 மணிநேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடிவரை திறந்துவிட்டார்கள். நடந்தது மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்று இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை பின்னர் சொன்னது. தவறு நீர் மேலாண்மையில் என்றது தணிக்கை. ஆனால் தண்டனை யாருக்குப் போனது? கரையோர மக்களுக்கு. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி அடையாற்றங்கரையிலும் கூவத்தின் கரையிலும் வெளியேற்றம் வேகமெடுத்தது. கூவத்தின் கரையில் மட்டும் பதினான்காயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் பட்டியலில் இடம்பெற்றன. பல இடங்களில் பள்ளி ஆண்டின் நடுவிலேயே வீடுகளை இடித்தார்கள். 2022 மே மாதம் பக்கிங்காம் கால்வாய்க் கரையில் கோவிந்தசாமி நகர் இடிக்கப்பட்டபோது அங்கு வாழ்ந்த ஒருவர் தீக்குளித்து உயிர்விட்டார்.

பாதி மதிப்பீடு செய்யும் தீங்கு இதுதான். ஆற்றங்கரை ஆபத்தானது என்று வரைபடம் சொல்கிறது. உடனே அங்கிருப்பவரே ஆபத்து என்று அரசு படிக்கிறது. அதே அடையாற்றின் மேல் பாலம் கட்டி விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதை நீள்கிறது. அதே பக்கிங்காம் கால்வாய்க்குள் தூண்களை இறக்கிப் பறக்கும் ரயில் ஓடுகிறது. அவை வளர்ச்சி, குடிசை மட்டும் ஆக்கிரமிப்பு.

கொண்டுபோய் வைத்த இடம் எது? பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்நிலம். தென்சென்னையின் மழைநீர் இறங்கிவந்து தங்கும் இடம். சதுப்புநிலத்தின் பெரும்பகுதி கட்டடங்களால் விழுங்கப்பட்டு, மிச்சமிருப்பதற்கு 2022இல் ராம்சார் தகுதி கிடைத்தது. 2015இலும் 2023 மிக்ஜாம் புயலிலும் பெரும்பாக்கம் வெள்ளத்தில் சிக்கியது; செம்மஞ்சேரியில் 2020, 2021 மழைகளில் தெருக்கள் மூழ்கின. எட்டு மாடிக் கட்டடத்தில் மின்சாரம் போனால் மின்தூக்கி நிற்கும், தண்ணீர் மோட்டார் நிற்கும். முதியவர்களும் கர்ப்பிணிகளும் மேலேயே சிறைப்படுவார்கள். ஆற்றங்கரையிலாவது மேட்டுத்தெருவுக்கு ஓடலாம், தெரிந்த முதலாளியம்மா வீட்டுத் திண்ணையில் ஒதுங்கலாம். இருபது முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் வேலையும் இல்லை, தெரிந்தவரும் இல்லை. வெள்ளத்திலிருந்து மீட்டு வெள்ளத்திலேயே வைத்தார்கள். சோழர் காலத்து நில வரைபடம் அடுக்குமாடியாக எழுந்து நிற்கிறது.

தண்ணீர் வடிந்த பிறகு

2015இல் கடலூர் மாவட்டத்தில் நிவாரணப் பணிக்காகச் சுற்றியபோது ஒரே காட்சியைப் பல கிராமங்களில் பார்த்தேன். ஊரில் தண்ணீர் வடிந்து கோலம் போட்டாயிற்று. சேரியில் இன்னும் முழங்கால் அளவு. காரணம் ஊருக்கும் சேரிக்கும் நடுவே மேடாக்கிப் போட்ட தார்ச்சாலை. அதன் கீழே போதிய மதகு வைக்கவில்லை. சாலையே அணையாகிவிட்டது. நிவாரண லாரி வரும் வழியும் அந்தச் சாலைதான், அது ஊரிலேயே நின்றுவிடும்.

இழப்பைக் கணக்கிடும் முறையிலும் இதே மேடுபள்ளம் உண்டு. பயிரிழப்புக்கு நிவாரணம் சாகுபடி செய்தவருக்கு. அந்த வயலில் நடவுக்கும் களையெடுப்புக்கும் போகவேண்டியிருந்த பெண்கள் இழந்த கூலி நாட்களுக்குப் படிவத்தில் கட்டமே இல்லை. சேதத்தை ரூபாயில் மட்டும் அளந்தால் ஒரு கார் மூழ்கியது பெரிய இழப்பு, ஒரு குடும்பத்தின் பாத்திரம், அரிசி, ரேஷன் அட்டை, சாதிச் சான்றிதழ், பிள்ளையின் மதிப்பெண் பட்டியல் எல்லாம் போனது சிறிய இழப்பு. எங்கே இழப்பு அதிகமோ அங்கே தடுப்புச்சுவர் கட்டு என்பது நிர்வாகக் கணக்கு. அந்தக் கணக்கில் நம் இடம் எப்போதும் கடைசி.

கடைசியில் சேற்றை அள்ளுவது யார்? 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினத்தில் பிணங்களை அகற்றவும், 2015இல் சென்னைக் குப்பையை வாரவும் வெளியூர்களிலிருந்து ஆயிரக்கணக்கில் துப்புரவுத் தொழிலாளர்கள் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களில் ஆகப் பெரும்பாலோர் தலித்துகள். அவர்கள் வீடுகளிலும் மழை பெய்துகொண்டுதான் இருந்தது.

ஆற்று வெள்ளம் இல்லாத இடத்திலும் இந்த விதி வேலை செய்யும். 2019 டிசம்பர் 2ஆம் தேதி மேட்டுப்பாளையம் நடூரில் கனமழையில் ஒரு சுற்றுச்சுவர் சரிந்து 17 தலித்துகள் செத்தார்கள். ஏறக்குறைய இருபதடி உயரச் சுவர். அது தீண்டாமைச் சுவர் என்று அங்குள்ள மக்கள் சொன்னார்கள். வானிலை ஆய்வு மையத்தின் பதிவில் அன்று மழையின் அளவு இருக்கிறது. சுவரின் உயரம் எந்த அபாய வரைபடத்தில் இருந்தது?

நாம் செய்யவேண்டிய மதிப்பீடு

மாணவ நண்பர்களே, அடுத்த மழைக்காலத்துக்கு முன் நம் கையில் நம்முடைய கணக்கு இருக்கவேண்டும். அதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை. ஊர்த்தெருவுக்கும் சேரித்தெருவுக்கும் உள்ள உயர வித்தியாசத்தைத் தண்ணீர் நிரப்பிய ரப்பர் குழாயை வைத்துக் கொத்தனார் அளப்பதுபோல் அளக்கலாம். முன்பு வெள்ளம் எந்த மட்டம் வரை வந்தது என்று பாட்டிகளைக் கேட்டுச் சுவரில் கோடு போடலாம். கூடவே இவற்றையும் எழுதுங்கள்:

மனை யார் பெயரில் இருக்கிறது? பட்டா உண்டா, எந்த ஆண்டு கிடைத்தது?

ஊரிலிருந்து வரும் வடிகால் எங்கே முடிகிறது? சாலைக்கடியில் மதகு எத்தனை, அடைபட்டவை எத்தனை?

வெள்ளம் வந்தால் ஒதுங்கும் இடம் எது? அது பள்ளிக்கூடமா, சமுதாயக் கூடமா, கோயில் மண்டபமா? அங்கே நம்மை உள்ளே விடுவார்களா? விட்டால் ஒரே பந்தியா?

வடியும்வரை எத்தனை நாள் கூலி போகிறது? வட்டிக்கு எவ்வளவு வாங்குகிறார்கள்?

அருகில் பஞ்சமி நிலம் இருந்ததா? அது மேடா? இன்று யார் அனுபவிக்கிறார்கள்?

கடைசிக் கேள்வியை அழுத்திச் சொல்கிறேன். பள்ளத்தில் இருப்பவரை எங்கே கொண்டுபோவது என்று அரசு கையை விரிக்கும்போது, நம்மிடமிருந்து பறிக்கப்பட்ட மேட்டு நிலத்தின் சர்வே எண்ணை நாம் நீட்டவேண்டும். நகரத்தில் என்றால், அதே வார்டுக்குள், நடந்து வேலைக்குப் போகும் தூரத்தில், வெள்ளம் ஏறாத அரசு நிலம் எது என்ற பட்டியலை நீட்டவேண்டும். வெளியேற்றத்துக்கு முன் மறுவாழ்வு, அதற்கும் முன் மக்களின் ஒப்புதல். இதற்குக் குறைந்த எதையும் பாதுகாப்பு என்று நாம் ஏற்கவேண்டியதில்லை.

வெள்ளத்தை நிறுத்த நம்மால் முடியாது. பருவநிலை மாறிவரும் காலத்தில் குறுகிய நேரத்தில் கொட்டும் மழை கூடிக்கொண்டே போகும் என்றே அறிவியலாளர்கள் எச்சரிக்கிறார்கள். ஆனால் யார் பள்ளத்தில் நிற்பது என்பதை வானம் முடிவு செய்வதில்லை. கிராம நத்தத்திலும் வருவாய்த்துறைக் கோப்பிலும் நகர வளர்ச்சித் திட்டத்திலும் மனிதர்கள் எடுத்த முடிவு அது. மனிதர்கள் எடுத்த முடிவை மாற்ற மனிதர்களால் முடியும். மகாடில் குளத்து நீரை அள்ளிக் குடிக்கும் உரிமைக்காக 1927இல் தொடங்கிய போராட்டம், தண்ணீர் வீட்டுக்குள் புகாத தரையில் குடியிருக்கும் உரிமை வரை நீள்கிறது. தோழர் கேட்ட அந்த இரண்டாவது கேள்வியோடு இந்த மழைக்காலத்தில் கிராமங்களுக்குப் போவோம்.

ஜெய்பீம்.